புள்ளும் மறையும்

தமிழில் ‘புள்’ என்னும் சொல்லுக்குப் பறவை என்பது ஒரு பொருள். நிமித்தம் என்பது மற்றொன்று. அரபு மொழியிலும் இந்நிலையே. பறவையைக் குறிக்கும் ‘தைர்’ என்னும் சொல்லின் அடியாகவே சகுனம் பார்த்தலைக் குறிக்கும் ‘தியரா’ பிறந்தது. பயணம் புறப்படும் பண்டை அரபியர் பறவையை எழுப்பிவிடுவர். அது வலப்புறம் பறப்பின் செல்வர், இடப்புறம் பறப்பின் மீள்வர். கடல் இடையிட்ட இரு நிலத்து மாந்தரும் தம் அச்சத்தைச் சிறகுடைய ஓர் எளிய உயிரின்மேல் ஏற்றி வைத்திருந்தமை வியப்பிற்குரியது.

மலையமான் திருமுடிக்காரியைப் பாடும் கபிலர், நாள் நன்றன்றாயினும், புள் தடுப்பினும், அவனை நாடிச் சென்றோர் வெறுங்கையராய்த் திரும்பார் என்கிறார் (புறம். 124). வள்ளலின் கொடை அங்கே நிமித்தத்தை வென்றுவிடுகிறது. எனினும், நிமித்தம் என ஒன்று உண்டு என்னும் எண்ணம் அகலவில்லை.

திருக்குர்ஆன் அவ்வெண்ணத்தின் வேரிலேயே கை வைக்கிறது. யாஸீன் அத்தியாயத்தில், தம்மிடம் வந்த இறைதூதர்களை ஓர் ஊரார் துர்ச்சகுனம் எனப் பழிக்கின்றனர். அச்சகுனம் பழிப்போரிடமே உள்ளது எனத் தூதர்கள் விடையிறுக்கின்றனர். 17ஆம் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. மனிதனின் வினைப்பயன் அவன் கழுத்திலேயே பிணைக்கப்பட்டுள்ளது எனக் கூறுமிடத்து, வினைப்பயனுக்கு அது ஆளும் சொல் ‘தாயிர்’, அதாவது பறவை! வானில் தேடிய புள் தன் கழுத்திலேயே இருப்பதை உணர்ந்தவனுக்குக் காக்கையும் ஆந்தையும் வெறும் பறவைகளாகிவிடுகின்றன. மொழி பயில்வோர் இவ்விடத்தைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும்.

கி.பி. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமகவு இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கதிரவனும் துயருற்றான் என மக்கள் பேசினர். மகனை இழந்த தந்தை வாளா இருந்திருந்தாலே போதும், அப்பேச்சு அவருக்குப் பெருமையாய் நிலைத்திருக்கும். அவர்களோ, எவருடைய பிறப்பிற்கோ இறப்பிற்கோ ஞாயிறும் திங்களும் மறைவதில்லை. அவை இறைவனின் சான்றுகள் என விளக்கி, மக்களைத் தொழுகைக்கு அழைத்தார்கள். தமக்கு ஆதரவான பொய்யையும் துறப்பதே அரிது என நாம் கருதுகிறோம்.

நம்மிடையே நிலைமை என்ன? ஸபரைப் பீடை மாதம் என்று ஒதுக்கித் திருமணங்களைத் தள்ளி வைக்கும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையே இருந்து வந்துள்ளது. அம்மாதத்து இறுதிப் புதனை ‘ஒடுக்கத்துப் புதன்’ என்று அஞ்சி, மாவிலையில் வசனம் எழுதிக் கரைத்து நீராடியோரும் உளர். அச்சம் நீக்க வந்த வசனமே அச்சத்திற்குப் பரிகாரமாயிற்று! ‘ஸபர்’ இல்லை என்னும் நபிமொழிக்கு, அம்மாதத்தைத் தீயதாகக் கருதற்க என்றே அறிஞர் பலர் பொருளுரைப்பர்.

மாதத்தை அஞ்சுவது ஒருபுறம் இருக்க, மனிதரையே சகுனமாக்குவது கொடிது. நபிகளாரின் முதல் துணைவியார் கதீஜா நாயகி, மணக்கும்போது கைம்பெண்ணாயிருந்தவர். மீலாது மேடைகளில் இதனைப் பெருமிதத்தோடு பேசுகிறோம். கைம்பெண் எதிரே வரலாகாது என ஒதுக்கும் மணப்பந்தலில் அப்பேச்சு ஏன் கேட்பதில்லை?