துணையைத் தேடுமுன் குணத்தைத் தேடுங்கள்



கலியாணப் பேச்சுத் தொடங்கியதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்விகள் எவை? மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்? பெண்ணுக்கு எவ்வளவு காணி, எத்தனை பவுண் நகை, கையில் எவ்வளவு காசு? இவை தீர்ந்த பின்னரே குணத்தைப் பற்றி விசாரிக்கிறோம்.

தோபித்து ஆகமம் வேறு வழி காட்டுகிறது. தோபித்து தன் மகன் தோபியாவைத் தூரப் பயணம் அனுப்புமுன் கூறிய புத்திமதிகளை நான்காம் அதிகாரத்தில் காணலாம். தாயை மதித்து நட, ஏழைக்கு முகத்தைத் திருப்பாதே, ஒழுக்கக்கேட்டுக்கு விலகியிரு, கூலியாளின் கூலியை அன்றன்றே கொடு, குடிவெறிக்கு இடங்கொடாதே, நீ வெறுப்பதைப் பிறருக்குச் செய்யாதே என்பன அவற்றுட் சில. அவ்விதம் வளர்ந்த மகனே இரகுவேலின் வீட்டில் சாராவைப் பெண் கேட்டான். பேரம் பேசவில்லை, பெண்ணைத் தருவதாகச் சொல்லும்வரை உணவையும் தொடவில்லை. இரகுவேல் தன் உடைமையிற் பாதியைத் தருவதாகச் சொன்னது மணம் முடிந்த பின்னர், தானாகவே. மணமக்களோ முதலிரவில் எழுந்து செபித்தார்கள்.

தோபித்துவின் புத்திமதியே நமக்கு அளவுகோல். அவர் கோபத்தில் தாயுடன் எப்படிப் பேசுகிறார்? வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறாரா? அவள் ஏழை உறவினரை எப்படி வரவேற்கிறாள்? இவற்றைத் தரகரிடமல்ல, அயலவரிடம் கேளுங்கள். "கலியாணம் முடிந்தால் குடியை விட்டுவிடுவான்" என்ற பேச்சை நம்பி எத்தனை பெண்கள் கண்ணீர் வடிக்கிறார்கள்! மணத்துக்கு முன் விடாதவன் பின்னர் விடுவான் என்பதற்கு உறுதி ஏது?

தம்பிமாரே, கற்பு பெண்ணுக்கு மட்டும் விதித்த கட்டளையன்று. கற்புள்ள மனைவியை விரும்புகிறவன் தானும் அவ்வாறே வாழக் கடமைப்பட்டவன். பெற்றோருக்குச் சொல்ல வெட்கப்படும் நட்பு, கடவுளின் முன்னும் வெட்கப்பட வேண்டிய நட்பாகவே பெரும்பாலும் முடியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. அதை வேறெவரும் அவர்களுக்காகக் கொடுக்க முடியாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (சட்டம் 1057). வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ செய்த திருமணம் செல்லாது (சட்டம் 1103). பீடத்தின் முன் குருவானவர் சம்மதம் கேட்கையில், தகப்பனுக்குப் பயந்து தலையசைக்கும் மகளை அங்கே நிறுத்தாதீர்கள். ஆலோசனை சொல்லுங்கள், முடிவை அவளிடம் விடுங்கள்.

இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் தோபித்து நான்காம் அதிகாரத்தை எல்லோருமாக வாசியுங்கள். பின்னர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்கட்டும்: நான் தேடும் குணம் என்னிடம் இருக்கிறதா?