திராவகமும் பெயர்ச்சீட்டும்

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, துறையூரை அடுத்த முருங்கப்பட்டி வெடிமருந்துத் தொழிற்சாலையில் நேர்ந்த வெடிப்பில் 19 பேர் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. அத்தகைய தொழில்களில் வழங்கும் நைத்திரிகத் திராவகம் ஒன்றையே காண்போம்.

பார்வைக்கு அது தண்ணீரே. வீரியம் மிக்கது மரத்தூளிற் சிந்தின், தீக்குச்சியின்றியே தீப்பற்றும். ஆதலின் எண்ணெய், சாராயம், காகிதம் இவற்றினின்று விலக்கி, வெயில் படாத அறையில், கண்மட்டத்திற்குத் தாழ, சிந்தியதைத் தாங்கும் பீங்கான் தொட்டியினுள் வைத்தல் முறை.

பெரிய கலத்தில் பெயர்ச்சீட்டு இராமற் போவது அரிது. அதினின்று சோடாப் புட்டியில் சிறிது ஊற்றிய அக்கணமே பெயர் தொலைகிறது! மாலையில் வேலைமாறி வருபவன் தாகத்தோடு அதனை எடுப்பான். ஆகையால் ஊற்றுமுன்னரே வெறும் புட்டியில் பெயர், வீரியம், தேதி, அபாயக்குறி ஆகியவற்றை ஒட்டுக. பருகுகலம் எதனையும் இதற்கு எடாதீர். செவ்வோரச் சாய்சதுரத்துள் வரைந்த குறிகளை எழுத்தறியாதவரும் அறிவர், எவரேனும் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால்.