கோமுவுக்கு உங்கள் மாத்திரை வேண்டாம்

கேள்வி: எனக்கு 68 வயது. கும்பகோணத்தில் பழைய வீடு. நானும் மனைவியும் மட்டும்தான். 13 வருஷமாக எங்களோடு இருக்கிறது கோமு என்ற பூனை. பரணில் ஏறி அட்டகாசம் செய்துகொண்டிருந்தது, இப்போது ஜன்னல் திண்டை அண்ணாந்து பார்த்துக் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறது. நொண்டவில்லை, கத்தவும் இல்லை. இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடித்திருக்கிறது. எப்போதும் கொல்லைக்குத்தான் போகும். ஒரு மாதமாகப் பூஜை அறை மூலையை அசுத்தம் செய்கிறது. நாங்கள் சைவம். அதற்கும் பாலும் தயிர்சாதமும்தான். இளைத்துவிட்டது. முற்றத்து வாளியில் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது. "வயசாயிடுத்து, விடுங்கோ" என்கிறாள் மனைவி. பக்கத்து வீட்டில் தைலம் தேய்க்கச் சொல்கிறார்கள். என் முழங்கால் வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை இருக்கிறது. டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் கலந்தது. அதில் கால் பங்கைப் பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஐயா. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் வேலையை மனிதரின் கல்லீரல் சுலபமாகச் செய்துவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கான என்சைம் போதுமான அளவில் இல்லை. மருந்து நஞ்சாக மாறி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுக்கும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். நீங்கள் கேட்கும் கால் பங்கே கோமுவின் எடைக்கு ஆபத்தான அளவு. கூட இருக்கும் டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தைத் தாக்கும். மாட்டுக்குப் போட்ட அந்த மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை நம் நாட்டில் கூட்டம் கூட்டமாக அழித்தது. 2006-இல் கால்நடை உபயோகத்துக்கு அதைத் தடை செய்தார்கள். கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஏற்கெனவே கொடுத்திருந்தால், இதை மேலே படிக்காமல் கோமுவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலிக்கும்.

தைலமும் வேண்டாம். மேலே தடவிய எதையும் பூனை நக்கித் தின்றுவிடும். கற்பூரம், நீலகிரித் தைலம், வலி பாமில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் எல்லாமே அதற்கு விஷம்.

இனி, அம்மா சொன்ன "வயசாயிடுத்து". வயதானது உண்மை. பூனையின் 13 வயதை மனிதக் கணக்கில் சுமார் 68 என்பார்கள். அதாவது உங்கள் வயது. ஆனால் முழங்கால் வலித்தபோது நீங்கள் வயசாயிடுத்து என்று சும்மா இருக்கவில்லையே, டாக்டரைப் பார்த்தீர்கள். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. அவற்றை வளர்த்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே தெரிந்திருக்காது. நாய் நொண்டிக் காட்டும். பூனை வலிக்கிற காரியத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். தாவுவதை நிறுத்தும், இடுப்பை வளைத்து நக்குவதை நிறுத்தும், அங்கே முடி சிக்காகும். உங்கள் கொல்லைக் கதவுக்குப் பழைய வீடுகளில் இருப்பதுபோல் உயரமான நிலைப்படிதானே? தாண்ட முடியாத பிராணி வீட்டுக்குள்ளேயே ஒதுக்குப்புறமாக ஒரு மூலையைத் தேடிக்கொண்டது. பூஜை அறை என்று அதற்குத் தெரியாது. அடிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மாத்திரைக்கு அடுத்தபடியாகத் தயிர்சாதம்தான். பூனை பிறவி மாமிச பட்சிணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு வேண்டிய அளவு தயாரித்துக்கொள்ளாது. அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளரும் என்பது 1987-இல் தெரிய வந்தது. அப்படியானால் 13 வருஷம் கோமு எப்படிப் பிழைத்தது? உங்கள் பரணில் எலி இருந்தது, கொல்லையில் ஓணான் இருந்தது. உங்கள் தயிர்சாதத்தை மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு, உண்மையான சாப்பாட்டை அது வெளியே பார்த்துக்கொண்டது. இப்போது மூட்டு வலியில் வேட்டை நின்றுபோய், தட்டில் விழுவது மட்டுமே ஆகாரம் ஆகிவிட்டது. தொடைச் சதை கரைகிறது. சதை கரைந்தால் மூட்டு தாங்க வேண்டிய பாரம் கூடும்.

உங்கள் அடுக்களைக்குள் இறைச்சி வர வேண்டியதில்லை. பூனைக்கென்றே தயாரித்த ஈரமான உணவு பாக்கெட்டில் கிடைக்கிறது, டாரின் சேர்த்திருப்பார்கள். கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் தனித் தட்டு வைத்து அதைப் போடலாம். பழகும்வரை தயிர்சாதத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து கொடுங்கள். பட்டினி போட்டால் தன்னால் சாப்பிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே வினையாகும்.

ஆனால் இளைப்புக்கு ஆகாரம் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். போகிறபோக்கில் வாளித் தண்ணீர் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியம். வயதான பூனை இளைத்துக்கொண்டே அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். கோமு நடக்கும்போது பின்னங்காலைக் கவனியுங்கள். பூனை விரல் நுனியில் நடக்கும் பிராணி. குதிகால் தரையில் படிய நடந்தால் சர்க்கரையில் நரம்பு பாதித்திருக்கலாம். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை. உள்ளூரில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். கிளம்புவதற்கு முன் அது நடப்பதையும் ஜன்னலைப் பார்த்துத் தயங்குவதையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரின் மேஜைமேல் கோமு உறைந்து உட்கார்ந்துவிடும், ஓர் அடி எடுத்து வைக்காது.

வீட்டில் செய்ய வேண்டியதற்குப் பெரிய செலவில்லை. ஓரம் நாலு விரல் உயரத்துக்கு மேல் இல்லாத அகலத் தட்டில் மணல் பரப்பி, அது தானே தேர்ந்தெடுத்த மூலைக்குப் பக்கத்தில் வையுங்கள். பழகிய பிறகு தினம் கொஞ்சமாக நகர்த்தித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விடலாம். வழவழ டைல்ஸ் போட்டிருந்தால் அது நடக்கும் வழியெல்லாம் கயிற்று மிதியடியோ சாக்கோ விரியுங்கள். ஜன்னலடியில், வீட்டில் சும்மா கிடக்கும் மணைகளை ஆடாமல் அடுக்கிப் படியாக்குங்கள். பூனைக்கு உயரத்திலிருந்து தெருவைப் பார்ப்பது முக்கியமான காரியம்; அதைக் கீழேயே இருக்கப் பழக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். மார்கழிக் குளிரில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைக்கலாம். நகத்தையும் பாருங்கள். மரத்தைப் பிறாண்டாத கிழப்பூனையின் நகம் வளைந்து பாதச் சதைக்குள்ளேயே குத்தி இறங்கும். பாதி நடை அதனாலேயே கெட்டிருக்கும். வெட்டும்போது உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடக் கூடாது. பழக்கமில்லையென்றால் டாக்டரே வெட்டிவிடட்டும்.

ஒன்றை மட்டும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். திடீரென்று அலறி, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு வெளிறிப்போனால் அது மூட்டுவலி இல்லை. இதயத்தில் உருவான ரத்தக்கட்டி காலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருக்கும். நடு ராத்திரியானாலும் டாக்டரை எழுப்ப வேண்டிய விஷயம்.

வலிக்கு மருந்தே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சிறுநீரகம் தாங்கும் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் டாக்டர் மெலாக்சிகாம் சொட்டு மருந்து எழுதலாம். எடை பார்த்து அவர் சொன்ன அளவுதான். ஒரு சொட்டுகூட அதிகம் வேண்டாம். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். கோமு சாப்பிடாத நாளில், வாந்தி எடுத்த நாளில் மருந்தை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள்.