பேயா, நோயா?

கேள்வி: ‘தி பாபடூக்’ பார்த்ததிலிருந்து நித்திரையில்லை. பெற்ற தாயே பிள்ளையின் கழுத்தை நெரிப்பாளா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: மனநோய் வந்த தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தீங்கு செய்யமாட்டார்கள். முதலில் அதைச் சொல்லவேண்டும். படம் அதைச் சொல்லாது.

ஜெனிஃபர் கென்ட் 2014இல் எடுத்த அந்த அவுஸ்திரேலியப் படத்தில், பிரசவத்துக்குக் கூட்டிப்போகும் வழியில் கணவன் கார் விபத்தில் இறக்கிறான். மகன் பிறந்த நாளே தகப்பனின் திவச நாள். தாய் அமீலியா கணவனின் பேச்சையே எடுப்பதில்லை. உறக்கமில்லை, உடன்பிறந்தவளும் ஒதுங்குகிறாள். கடைசியிலும் பாபடூக் என்ற அந்தப் பேய் சாவதில்லை. நிலவறையில் வைத்துத் தீனி போடுகிறாள். படத்தின் கெட்டித்தனம் அங்கேதான்.

எங்கள் பக்கத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்குத் திவசம் கொடுக்க ஒரு திகதிகூட இல்லை. தனியே பிள்ளை வளர்க்கும் அவர்களுக்கு அயலட்டை கொடுப்பது பெரும்பாலும் புத்திமதிதான்.

நாட்கணக்கில் நித்திரையின்மை, காதில் குரல்கள், ‘பிள்ளையும் நானும் போய்விட்டால் நல்லது’ என்ற பேச்சு: இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிப்போங்கள். மனநல உதவி இலக்கமான 1926க்குத் தொலைபேசியிலும் பேசலாம். நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தவேண்டாம்.