பழைய மோட்டார் வண்டியின் மின்கோளாறுகள்

மொறிஸ் மைனர் வண்டிகள் 1948 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை இங்கிலாந்தில் ஆக்கப்பட்டவை. எம்முடன் கற்ற நண்பர் சிலரிடம் அவை இன்றும் உள. பொறி பழுதுற்றால் ஓசையால் அறியலாம். மின்பழுதோ கண்ணுக்கும் செவிக்கும் எட்டாது. ஆதலின் ஆராயாமலே உறுப்புகளை மாற்றத் தொடங்குவர். யானும் அங்ஙனஞ் செய்து பொருளிழந்தவனே.

எனது வண்டியின் முன்விளக்குகள் நாளடைவில் மங்கின. ஒரு மாரிக்காலத்து இரவு ஆனையிறவைக் கடந்து வருகையில், விளக்கின்றிச் சென்ற சைக்கிளொன்றை மிக அண்மையிலேயே கண்டேன். விபத்து நூலிழையில் தப்பிற்று. மறுநாள் பழுதுபார்ப்பவர் ஒருவரின் சொற்படி புதிய பற்றரி வாங்கினேன். பயனில்லை. தைனமோவின் சுருள்களைப் புதிதாய்ச் சுற்றுவித்தேன். அப்பொழுதும் விளக்கு மங்கலாகவே எரிந்தது. அதன் பின்னரே கல்லூரி ஆய்வுகூடத்திற் கற்ற ஓமின் விதி நினைவுக்கு வந்தது, நாணமும் உடன்வந்தது.

மின்னோட்டம் விளக்கைச் சென்றடைந்தால் மட்டும் போதாது. பற்றரிக்கு மீளவும் வேண்டும். வீட்டில் மீள்வதற்கும் தனிக்கம்பி உண்டு. மோட்டார் வண்டியிலோ அதன் இரும்புடலே மீளும் வழி. மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். (பிற்காலத்தில் மறைமுனைக்கு மாற்றிக்கொண்டோரும் உளராதலின் அதனை முதலிற் பார்த்துக்கொள்க.) துருவும் வண்ணப்பூச்சும் மின்னை எளிதிற் கடத்தா. உப்புக்காற்று வீசும் எம் பகுதியில் துருவுக்குப் பஞ்சமில்லை.

விளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பி நுனியில் வோல்ற்றுமானியை வைத்தால் 12 வோல்ற்று காட்டும். கைதேர்ந்தவரும் ஏமாறுமிடம் இதுவே. ஓட்டம் இல்லாதபோது தடையில் அழுத்த வீழ்ச்சியும் இல்லை. கம்பியின் இழைகளுள் ஒன்று மட்டும் அறாதிருப்பினும் மானி 12 என்றே சொல்லும். ஆகவே விளக்கை எரியவிட்டே அளத்தல் வேண்டும். மானியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும், மற்றதை விளக்கின் பின்னுள்ள கருங்கம்பியின் முடிவிலும் வைக்க. வழி செம்மையாயின் அளவு ஏறக்குறையச் சூனியமாயிருக்கும். எனக்கு ஒன்றேகால் வோல்ற்று காட்டிற்று.

42 வாற்றுக் குமிழ்கள் இரண்டுக்கு 12 வோல்ற்றில் 7 அம்பியர் வேண்டும். வழியில் வெறும் 0.2 ஓம் தடை இருந்தாலே இவ்வளவு வீணாகிவிடும். பத்திலொரு பங்குதானே என்று எண்ணற்க. குமிழின் ஒளி அழுத்தத்தினும் மிக விரைந்து குறைவது. ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விடும். இந்நிலையில் புதிய பற்றரி வாங்குதல், வாய்க்கால் தூர்ந்திருக்கக் கிணற்றை ஆழமாக்குதல் போன்றதே.

பின்னர் மானியின் முனையை விளக்கிலிருந்து பற்றரியை நோக்கி ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினேன். ஓரிடத்தில் அளவு சட்டென விழுந்தது. இரு விளக்குகளின் கருங்கம்பிகளும் ஒருங்கே முடுக்கப்பட்டிருந்த திருகாணி அது. துருவைச் சுரண்டி, உலோகம் மின்னத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வசிலீன் பூசினேன். அன்றிரவு மதிற்சுவர் வெள்ளையாய்த் தெரிந்தது.

சைகை விளக்கு மின்னுந்தோறும் பின்விளக்கும் உடன்துடிக்குமாயின் அங்கும் இத்தகைய இணைப்பையே ஐயுறுக.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. பொறி இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலோடு இணைக்க நெகிழும் பட்டையொன்று வேண்டும். தொடக்கி மோட்டார் இழுப்பதோ நூறு அம்பியருக்கும் மேல். அப்பட்டை அற்றால் அவ்வோட்டமெல்லாம் மெல்லிய சோக்குக் கம்பியூடாக மீள முயலும். கம்பி பழுக்கக் காய்ந்து எரியவுங்கூடும். அதன் முடிவிலிருப்பது பெற்றோல் நிறைந்த காபுறேற்றர். தொடக்கும்போது சோக்குக் கம்பி சுடக் கண்டால் மறுமுறை முயலவே வேண்டாம், பட்டையைப் பார்க்க.

எவ்விணைப்பையும் கழற்றுமுன் பற்றரியின் உடலோடிணைந்த முனையையே முதலில் நீக்குக. மற்ற முனையை முதலில் எடுக்குங்கால் சாவி உடலிற் பட்டால் பெருந்தீப்பொறி எழும். தைனமோவையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இறுதியிலே தொடுக. எனது தைனமோவில் எக்குறையும் இருந்ததில்லை. சுருள் சுற்றிய கூலி போனது போனதே.