காளானும் குடல் நலமும்

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நிர்வாகக் குழுவின் முன் அன்று ஒரு விண்ணப்பம் இருந்தது. நாள் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர்களுக்கு மலச்சிக்கலும் வயிற்றுப் பொருமலும் நீங்காத தொல்லைகளாக இருப்பதால், “மருந்துக் காளான்” பொடியைச் சங்கப் பண்டகசாலையில் வைத்து விற்க வேண்டும் என்று அங்கத்தினர் சிலர் கேட்டிருந்தனர். ஒரு டப்பாவின் விலை ஏறக்குறைய ஒரு நெசவாளரின் ஒரு வாரக் கூலி. குடல் நோய்கள் மட்டுமன்றி, நீரிழிவும் புற்றுநோயும்கூட அதனால் தீரும் என்று உடன் வந்த துண்டுப் பிரசுரம் கூறியது.

விண்ணப்பத்தில் முதற் கையொப்பமிட்ட முதியவரோடு பேசினோம். மலத்தில் இரத்தம் கண்டு மூன்று மாதங்கள் ஆகியும், அவர் மருத்துவரிடம் செல்லாமல் அப்பொடியையே நம்பியிருந்தார். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு அவரை வற்புறுத்தினோம். பொடியைப் பற்றிக் காரியதரிசி கேட்டதற்கு, படித்தறிந்து சொல்வதாகக் கூறி வந்தோம். அந்த விடையே இம்மாதப் பாடம்.

காளானில் உள்ளவை

காளான் காய்கறி இனத்தைச் சேர்ந்ததன்று. பச்சையம் இல்லாமையால் அது தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளாது. வைக்கோல், மரம், மக்கிய இலை ஆகியவற்றைச் சிதைத்து வாழ்கிறது. பச்சைக் காளானில் நூற்றுக்கு 90 பங்கு நீர். எஞ்சியதில் புரதமும் நார்ப்பொருளும் குறிப்பிடத்தக்கவை. அந்நாரில் இரண்டு பொருள்கள் உள. ஒன்று இறால் ஓட்டிலும் காணப்படும் கைட்டின். மற்றொன்று பீட்டா குளுக்கான். கீரையிலும் காய்களிலும் உள்ள நாரினின்று இவை வேறுபட்டவை.

குடலில் நிகழ்வது

இந்நார்ப்பொருள்களை நமது சிறுகுடல் செரிப்பதில்லை. அவை பெருங்குடலை அடைகின்றன. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெருங்குடலையும் ஒரு கூட்டுறவு சங்கம் என்றே கூறலாம். நாம் இடும் நார்ப்பொருள் பங்கு மூலதனம் போன்றது. நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கச் செய்து சில கொழுப்பமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒன்றாகிய பியூட்டிரிக் அமிலம், பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முக்கிய எரிபொருளாகிறது. இது நமக்குக் கிடைக்கும் லாப ஈவு. புளிக்காத நார் மலத்தின் அளவைப் பெருக்கி, அது எளிதில் கழிய உதவுகிறது.

ஆராய்ச்சிகள் கூறுவது

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2018 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். 32 பேர், பத்து நாட்கள் நாளொன்றுக்கு 226 கிராம் மொட்டுக்காளானும், வேறு பத்து நாட்கள் அதே அளவு புரதம் தரும் இறைச்சியும் உண்டனர். காளான் உண்ட நாட்களில் மலத்தின் எடை கூடியது. நுண்ணுயிர்க் கூட்டத்தின் அமைப்பிலும் மாறுதல் தென்பட்டது.

வான்கோழியின் வாலைப் போல் வரிவரியாக இருக்கும் ஒரு மரக்காளானிலிருந்து பிரித்தெடுத்த சத்தைப் பாஸ்டன் நகரில் ஆராய்ந்தனர். 2014 ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வாய்வில் 24 பேர் பங்கு கொண்டனர். அச்சத்தை உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்களில் மாறுதல் காணப்பட்டது.

இரு ஆய்வுகளிலும் பங்கு கொண்டவர்கள் நலமுள்ளவர்களே என்பதை மறத்தலாகாது. காளான் குடலுக்கு உகந்த உணவு என்று இவற்றால் கொள்ளலாம். குடல் நோயைத் தீர்க்கும் மருந்து என்று கொள்ள முடியாது.

பொடியா, கறியா?

ஒரு சிறு கரண்டிப் பொடியில் அடங்கும் நார் மிகச் சொற்பம். 100 கிராம் பச்சைக் காளானில் ஏறத்தாழ 2 கிராம் நார் உண்டு. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. எனவே காளானைத் தனியாக நம்பாமல், பயறு, கேழ்வரகு, கீரை ஆகியவற்றோடு வாரத்தில் இரண்டொரு நாள் கறியாகச் சமைத்து உண்பதே சிக்கனமும் பயனும் உடையது. போதிய நீர் அருந்துவதும், தறியினின்று அவ்வப்போது எழுந்து நடப்பதும் மலச்சிக்கலுக்கு நன்மை செய்யும்.

சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். நீரிழிவு, புற்றுநோய் முதலிய சில நோய்களை ஒரு மருந்து தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. அத்தகைய பிரசுரத்தைப் பண்டகசாலையில் வைத்து வழங்குவது சங்கத்திற்கே கேடாக முடியும்.

எச்சரிக்கைகள்

1. மழைக்குப் பின் தானே முளைக்கும் காளானை, நன்கு அறியாதவர் பறித்து உண்ணலாகாது. பூச்சி அரித்தது நல்ல காளான் என்பது தவறான நம்பிக்கை. கொடிய நஞ்சுடைய சில காளான்களின் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது; உண்டு பல மணி நேரம் கழிந்த பின்னரே அதன் குறிகள் தோன்றும்.

2. காளானை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். பழக்கமில்லாதவர் சிறிதளவில் தொடங்குக. மொட்டுக்காளானில் உள்ள மேனிடால் என்னும் பொருள் சிலருக்கு வாயுவை உண்டாக்கும். சிப்பிக்காளானில் அத்தொல்லை குறைவு.

3. மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல் மெலிவு, நீடித்த வயிற்றுவலி ஆகியவை கண்டால் உணவை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

கோயமுத்தூரில் 1943 ஆம் ஆண்டளவிலேயே வைக்கோற் காளானைப் பயிரிட்டு ஆராய்ந்துள்ளனர். இன்று அங்குள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காளான் வளர்ப்பில் பயிற்சி அளிக்கிறது. சிப்பிக்காளானுக்கும் பால்காளானுக்கும் வைக்கோலே போதும். பயிரிடும் அங்கத்தினரிடம் வைக்கோல் உண்டு. நெய்யும் அங்கத்தினரிடம் தேவை உண்டு. பறித்த காளான் விரைவில் கெடுமாதலால், வளர்ப்பவரும் உண்பவரும் ஒரே ஊரில் இருப்பது பெரும் வசதி. பொடிக்காக வெளியே செல்லும் பணம் இதனால் ஊருக்குள்ளேயே நிற்கும்.

இக்கருத்துகளைச் சங்கத்திற்கு எழுதியனுப்பினோம். பொடி வேண்டாம் என்றும், இரண்டு அங்கத்தினரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்றும் நிர்வாகக் குழு தீர்மானித்தது. முதியவர் மருத்துவமனைக்குச் சென்றார் என்றும், குடலில் இருந்த ஒரு கட்டியை உரிய காலத்தில் அகற்றிவிட்டனர் என்றும் காரியதரிசி மறுமொழியில் குறித்திருந்தார்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. காளானின் நார்ப்பொருள் பெருங்குடலில் என்ன ஆகிறது?
2. நலமுள்ளவர்களிடம் செய்த ஆய்வைக் கொண்டு ஒரு பொருளை மருந்து என்று கூறலாமா?
3. நமது பண்டகசாலையில் ஒரு புதிய பொருளை ஏற்கும் முன் நிர்வாகக் குழு எவற்றை விசாரிக்க வேண்டும்?