திருப்பதி டிக்கெட்டா? முகவரியின் கடைசியைப் பாருங்கள்

300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட் இணையத்தில் மளமளவென்று தீர்ந்துவிடும். பக்தர்களின் அந்த அவசரம்தான் மோசடிக்காரர்களுக்கு முதலீடு. 2023இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் போலீசில் புகார் செய்த போலி இணையதளம் ஒன்று பார்வைக்கு அசல் போலவே இருந்தது. முகவரியில் புள்ளி வரவேண்டிய இடத்தில் சிறுகோடு, முடிவில் ‘டாட் ஓஆர்ஜி’, வித்தியாசம் அவ்வளவுதான். அதையும் சேர்த்து தேவஸ்தானம் அதுவரை கண்டுபிடித்திருந்த போலிகள் 41.

அசல் முகவரி ‘ஏபி டாட் கவ் டாட் இன்’ என்று முடியும். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கையும், கூகுள் தேடலில் மேலே வரும் விளம்பரத்தையும் நம்பாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். தரிசனத்துக்கென்று ஆதார் நகலை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பவே கூடாது. பணம் போனால் அதோடு தீர்ந்தது, ஆதார் போனால் தொல்லை தொடரும்.

ஏமாந்துவிட்டீர்களா? கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கட்டிய ரசீது, குறுஞ்செய்தி, முகவரியின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 நாடு முழுவதற்கும் பொது. பிறர் அடையாளத்தைத் திருடினால் அதன் பிரிவு 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சித்தூர்க்காரரோ சென்னைக்காரரோ, புகார் கொடுக்கத் திருப்பதிக்கு ஓட வேண்டியதில்லை. எல்லை எதுவானாலும் அருகிலுள்ள காவல் நிலையமே வழக்குப் பதிய வேண்டும். மறுத்தால் ‘ஜீரோ எஃப்ஐஆர்’ என்று கேளுங்கள்.